உதவிக்கு வாறவ

மொன்றியலின் சென்ட் லோரன்டில், பஸ் தரிப்பிடத்திலிருந்து மூன்றாவது வீடு சுதாஜினியுடையது. வாடகை வீடுதான். மேலே ஒரு லெபனான் குடும்பம். கீழ்த்தளமும் அதற்கடியில் உள்ள பேஸ்மென்டும் இவர்களுக்கு. கதவைத் திறந்ததும் ஆறு சின்னக் கொளுவிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குளிர்ச்சட்டை, கீழே ஆறு சோடி சப்பாத்து. பெற்றோர் குனிந்து பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் நேரே கண்ணில் படுகிற உயரத்தில் அவளுடைய சான்றிதழ் தொங்கும். சிறுவர் பராமரிப்பில் கல்லூரிச் சான்றிதழ், பிரெஞ்சில், முத்திரையோடு. அந்த உயரத்தை அவள் அளந்துதான் ஆணி அடித்திருந்தாள்.

வீட்டிலேயே நடக்கும் கார்டெரி அது, சிறுவர் காப்பகம். ஆறு பிள்ளைகளில் நான்கு பேர் தமிழ். இடம் கேட்டுக் காத்திருப்பவர்களுக்குக் குறைவே இல்லை. இந்த நகரத்தில் பிள்ளை பார்க்கிறவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தமிழ்ப் பெற்றோர் மட்டும் அவளை "டீச்சர்" என்பார்கள். அவள் திருத்தவில்லை. அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவள் முதுகு கொஞ்சம் நிமிரும்.

எந்த ஊர் என்று கேட்டால் மட்டக்களப்பு என்பாள். மட்டக்களப்பில் எவ்விடம் என்றால், "டவுன் பக்கம்தான்" என்று சொல்லிக்கொண்டே ஏதாவது ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைக்கத் தொடங்கிவிடுவாள். பிள்ளைகளுக்கு எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டிருப்பது அவளுக்குப் பெரிய உதவி.

உண்மையில் அவள் ஊர் அம்பாறைப் பக்கம், காட்டோரத்தில் ஒரு குடியேற்றம். வனக்குறவர் ஊர். நாடோடிகளாகத் திரிந்த சனத்தை, அவள் பிறக்க முன்னரே பாதிரிமார் ஓரிடத்தில் இருத்தி, ஞானஸ்நானம் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பழக்கினார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். அப்பா சீனித்தம்பி பாம்பாட்டி. அம்மா திரேசம்மா கை பார்ப்பார், பச்சை குத்துவார். வருடத்தில் பாதி நாள் இருவரும் கூடையோடு ஊர் ஊராகப் போய்விடுவார்கள். ஒன்பது வயதில் சுதாஜினியைக் கன்னியாஸ்திரிகள் மட்டக்களப்பு விடுதிக்கு அழைத்துப் போனார்கள்.

விடுதியில் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு பிள்ளையின் தோடு காணாமல் போனது. யாரையும் விசாரிக்கவில்லை. நேரே வந்து சுதாஜினியின் பெட்டியைத் திறந்தார்கள். தோடு அந்தப் பிள்ளையின் தலையணை உறைக்குள்ளேயே கிடந்தது. பெட்டியை மூடிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். அடுத்த தவணையிலிருந்து எல்லாப் பாடத்திலும் அவள்தான் முதலாவது. மற்றப் பிள்ளைகள் விளையாடப் போன நேரத்திலும் அவள் புத்தகத்தோடு இருந்தாள். பெற்றோர் தினத்தன்று கை நிறையப் பச்சையோடும் தோளில் துணிமூட்டையோடும் வாசலில் வந்து நின்ற அம்மாவைத் தூரத்தில் கண்டபோது, தேவாலயத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அம்மா ஒரு மணி நேரம் காத்திருந்து, கொண்டுவந்த மாம்பழங்களை ஒரு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு உயர்தரம் பாஸ் பண்ணினாள். ஒரு முன்பள்ளியில் படிப்பித்தாள். லொறி ஓட்டிய திருகோணமலைக்காரன் மதிசுதனைக் கட்டினாள். அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் வீட்டாருக்குத் தெரியாது. மொன்றியலுக்கு வந்து பண்டசாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டே பிரெஞ்சு படித்து, பிறகு மூன்று பனிக்காலம் கல்லூரிக்கு பஸ் ஏறி, வகுப்பில் ஒரே தமிழச்சியாக இருந்து அந்தச் சான்றிதழை எடுத்தாள். கார்டெரி நடத்த அனுமதி கேட்டு அலுவலகத்துக்கு எழுதினாள், வீட்டுக்குத் தானே பெயின்ட் அடித்தாள். எல்லாம் தன் கையால்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு நவம்பரில், பெற்றோரை அழைக்கும் சூப்பர் விசாவில் திரேசம்மா வந்து சேர்ந்தார். அறுபத்தொரு வயது. வந்த முதல் கிழமையிலேயே சுதாஜினி அம்மாவுக்கு முழுக்கை ஸ்வெட்டர் ஐந்து வாங்கினாள். குளிருக்கு என்று சொன்னாள். திரேசம்மா தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சைப் புள்ளிக்கோலம், நடுவில் ஒரு தேள், உள்பக்கம் புருஷனின் பெயர்.

"குளிருக்குத்தான்," என்றார் அவரும்.

ஒரு காலை அம்மா கையை மடித்துவிட்டுக்கொண்டு, குசினித் தரையில் குந்தியிருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். மகன் அனுஜனை விட வந்த வித்தியா எட்டிப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இரண்டு தெரு தள்ளி மருந்துத் தொழிற்சாலையில் ஆய்வுகூடத்தில் வேலை.

"ஆர் டீச்சர் உள்ளுக்கு?"

"உதவிக்கு வாறவ," என்றாள் சுதாஜினி.

யோசித்துச் சொல்லவில்லை. அதுதான் பிறகு அவளைக் கூடுதலாக உறுத்தியது. இரண்டே சொல், தயாராக இருந்ததுபோல் வாயில் வந்து விழுந்தது. குசினியில் கத்தியின் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. மறுநாளிலிருந்து அம்மா, பெற்றோர் வருகிற நேரங்களில் மகளை "டீச்சர்" என்று கூப்பிடத் தொடங்கினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அனுமதி கொடுத்த அலுவலகத்தில் எந்தப் பொய்யும் இல்லை. வீட்டில் இருக்கிற பெரியவர்கள் எல்லாருடைய விபரமும் அங்கே கொடுக்க வேண்டும். பொலிஸ் சான்றும் எடுக்க வேண்டும். திரேசம்மாவின் பெயருக்கு எதிரே பிரெஞ்சில் 'தாய்' என்று சுதாஜினி தன் கையாலேயே நிரப்பியிருந்தாள். பிரெஞ்சில் அந்தச் சொல்லை எழுதுவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. தமிழில்தான் வாய் வரவில்லை.

உதவிக்கு வருகிறவர் என்று ஆன பிறகு பெற்றோரும் அப்படியே நடந்துகொண்டார்கள். ஈரச் சப்பாத்தை அவர் கையில் கொடுத்தார்கள். "இந்தாங்கோ, இதை உள்ளுக்கு வையுங்கோ" என்றார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய நாள் வித்தியா ஒரு பெரிய பையோடு வந்தாள்.

"டீச்சர், இது என்ர பழைய சாறியள். ரெண்டு ஸ்வெட்டரும் கிடக்கு. அந்த அம்மாவுக்குக் குடுங்கோ, பாவம்."

சுதாஜினி வாங்கக் கை நீட்டுமுன் திரேசம்மா வந்துவிட்டார். பையை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கி, கண்ணில் ஒற்றி, "மகராசியா இரு மகள், உன்ட வாசல் நிறையட்டும்" என்றார். வித்தியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சுதாஜினிக்குக் காது மடல்வரை சுட்டது. பழந்துணிக்கு வாழ்த்துச் சொல்லும் அந்தக் குரலை அவள் சின்ன வயதில் எத்தனையோ படலை வாசல்களில் நின்று கேட்டிருக்கிறாள்.

"அதை எறி," என்றாள் பிறகு, தெலுங்கில். வீட்டுப் பேச்சு எப்போதும் அதுதான்.

"நல்ல சேலை. எறியிறதுக்கு உனக்கென்ன விசரா?"

எறியாமல், அந்தச் சேலைகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஓரம் தைத்து, பிள்ளைகளுக்குப் போர்த்தி விளையாடக் கொடுத்தார். பிள்ளைகள் அவரைத் "தெரேஸ்" என்பார்கள். பனி கொட்டி வெளியே போக முடியாத நாட்களில் எல்லாரும் தெரேஸைச் சுற்றித்தான். சுதாஜினி கல்லூரியில் படித்த விளையாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். பிள்ளைகள் ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டு தெரேஸின் மடியை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பார்கள்.

இந்த வருடம் பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, காலையில், அருமைராசா தன் நான்கு வயது மகள் ஆர்த்திகாவைக் கொண்டுவந்து விட்டார். கல்முனைக்காரர், விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை, எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற மனிதர்.

"டீச்சர், சனிக்கிழமை இவட பேர்த்டே. வீடு நிறைய ஆக்கள். இவ என்ன செஞ்சா தெரியுமா? ஒரு துண்டத் தலையில போட்டுக்கிட்டு, என்ட மச்சான்ட கையப் புடிச்சி, 'கடல் தாண்டின கை இது, கப்பல் பாத்த கை இது, ஒரு புடி அரிசி போடு, ஒரு பழஞ்சேலை போடு' எண்டு ராகம் எடுக்கா! மச்சான் சிரிச்சுச் சிரிச்சு வடையில புரைக்கேறிப் போனான்."

சுதாஜினியும் சிரித்தாள். சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது.

"ஆனா டீச்சர்," அவர் குரலைத் தணித்தார், "நம்மட பக்கத்தில வளந்தவனுக்கு அந்த ராகம் தெரியாதா? அது குறத்தியள்ற ராகம். அந்தச் சமையலுக்கு வாற மனிசிதானே?"

சுதாஜினி ஆர்த்திகாவின் குளிர்ச்சட்டையைக் கொளுவியில் மாட்டினாள். திரேசம்மா பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரிந்தது. ஆர்த்திகாவின் கையுறைகளை ஹீட்டரில் காயவைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"எனக்கு ஒண்டும் இல்ல. ஆனா புள்ளையள் இருக்கிற வீடு. கை நீளமான சாதி அது. ஏதும் ஒண்டு காணாமப் போனா உங்கட பேர்தானே கெடும்? பெற்றார் வட்சப் குரூப்பில ஆரும் எழுதினா என்னாகும்? உங்கட நல்லதுக்குத்தான் சொல்றன்."

விடுதியில் மூடிய அந்தப் பெட்டி மனதில் திறந்து மூடியது. அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரி தான் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவள் கண் சுவரிலிருந்த சான்றிதழில் போய் நின்றது.

"எனக்குத் தெரியாது அண்ணை," என்றாள். "நான் நிப்பாட்டிறன். நாளையில இருந்து வரமாட்டா."

"அதுதான் நல்லம்," என்றார் அருமைராசா, மனம் ஆறியவராக. பிறகு திரும்பி, பின்னால் நின்றவரிடமிருந்து கையுறையை வாங்கினார். "தேங்க்ஸ்" என்றுகூடச் சொன்னார்.

அன்று திரேசம்மா வழக்கம்போலச் சமைத்தார், பிள்ளைகளுக்கு ஊட்டினார், தரை துடைத்தார். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு, வாசலில் கிடந்த தன் சப்பாத்தை எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட் படியில் இறங்கினார்.

"அம்மா, அதை ஏன் கீழ கொண்டுபோறாய்?"

"நாளைக்கு வரமாட்டா எண்டு சொல்லிட்டாய். சப்பாத்து இஞ்ச கிடந்தா அவனுக்கு விளங்காதா?"

ஒன்ராறியோவுக்கு லொறி கொண்டு போயிருந்த மதிசுதன் ஃபோனில், "முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தா இவ்வளவு வந்திராது" என்றான். தன் வீட்டாருக்கு இன்னும் சொல்லாத மனிதன் அவன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

செவ்வாயிலிருந்து திரேசம்மா மேலே வரவில்லை. காலை ஏழு மணியிலிருந்து கடைசிப் பிள்ளை போகும்வரை பேஸ்மென்டில். பிள்ளைகள் முதல் நாள் "தெரேஸ் எங்க?" என்று நூறு தரம் கேட்டார்கள். ஊருக்குப் போய்விட்டார் என்றாள். "எந்த ஊருக்கு?" என்றாள் ஆர்த்திகா. அதற்கு மூக்கைத் துடைத்து மழுப்ப முடியவில்லை.

பகல் முழுவதும் சுதாஜினி காதைக் கீழேயே வைத்திருந்தாள். ஒரு இருமல், ஒரு தண்ணீர்க் குழாய், எதுவுமில்லை. ஒரு மனிசி கீழே இருப்பதற்கான அடையாளமே இல்லை. மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது சாப்பாடு கொண்டு போனாள்.

"பாத்ரூமுக்குக்கூடத் தண்ணி திறக்கேல்லையே?"

"அவையள் நித்திரையான பிறகு திறக்கிறன். எனக்கு இதெல்லாம் பழக்கம். நீ சாப்பாட்ட வச்சிட்டுப் போ, பிள்ளையள் தனிய."

வியாழக்கிழமை காலை அலுவலகத்திலிருந்து பரிசோதகர் சில்வி வந்தாள். சொல்லாமல் வந்து பார்த்துப் போவது அவர்கள் வழக்கம். ஐம்பது வயதிருக்கும், குளிரில் சிவந்த மூக்கு, கையில் தாள் செருகிய அட்டை. கொதிநீரின் சூடு, மருந்துப் பெட்டியின் பூட்டு, எல்லாம் பார்த்தாள். புகை எச்சரிக்கைக் கருவியைப் பார்க்க வேண்டும் என்று பேஸ்மென்டுக்கு இறங்கினாள். பிள்ளைகள் கண்ணில் படும்படி படியின் மேலே நின்றபடி சுதாஜினியும் எட்டிப் பார்த்தாள்.

திரேசம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நடந்தால் சத்தம் கேட்காமலிருக்க இரண்டு சோடி காலுறை. மடியில் இரண்டு கை. டிவி இல்லை, ஃபோன் இல்லை. சப்பாத்து கட்டிலுக்கடியில், நேராக. சில்வியைக் கண்டதும் எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

"போன்ஜூர் மடாம்!" என்றாள் சில்வி. பிறகு மேலே பார்த்து, பிரெஞ்சில், "உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? எப்போது வந்தாலும் மேலே பிள்ளைகளோடுதானே இருப்பார்" என்று கேட்டாள்.

சுதாஜினி மொழிபெயர்த்தாள். "உடம்பு சரியில்லையா எண்டு கேக்கிறா."

திரேசம்மா சில்வியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தமிழில், மிகத் தெளிவாக, "எனக்கு ஒண்டும் இல்ல டீச்சர்" என்றார்.

தாயும் மகளும் என்று தாளில் எழுதி வைத்திருக்கிற ஒருத்தியின் முன்னால், தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஒருத்தியின் முன்னால். ஏமாற்ற யாருமே இல்லாத இடத்தில் அம்மா அந்த வேடத்தைக் கழற்றவில்லை. கோபத்தில் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்று அந்த முகத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை. படியின் கைப்பிடி வழுவழுவென்று இருந்தது. அதைத்தான் சுதாஜினி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்கிறார்?" என்றாள் சில்வி.

"ஒன்றுமில்லை என்கிறார்."

மாலை ஐந்தேகாலுக்கு அருமைராசா வந்தார். வித்தியா ஏற்கெனவே வந்து, முழங்காலில் நின்று அனுஜனுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். வாசல் நடையில் மூன்று பேர் நிற்கவே இடம் போதாது.

"அண்ணை," என்றாள் சுதாஜினி. குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. "திங்கட்கிழமை நான் நிப்பாட்டிறன் எண்டு சொன்னது என்ர அம்மாவை."

அவர் ஆர்த்திகாவின் ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவ எனக்கு உதவிக்கு வாறவ இல்ல. என்னைப் பெத்தவ. கீழதான் இருக்கிறா, மூண்டு நாளா. நான்தான் வைச்சிருக்கிறன்."

"அப்ப... டீச்சர், நீங்களும்?"

"ஓம். நானும்தான்."

வித்தியா நிமிரவில்லை. கட்டி முடித்த சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அருமைராசா தொண்டையைச் செருமினார்.

"சே, அதெல்லாம் இப்ப ஆரு பாக்கிறா டீச்சர்," என்றார்.

ஆர்த்திகா, "தெரேஸ் கீழயா?" என்று கேட்டு, ஒற்றைச் சப்பாத்தோடு ஓடிப்போய் பேஸ்மென்ட் கதவைத் தட்டத் தொடங்கினாள். இரண்டு கையாலும், பலமாக. உள்ளேயிருந்து பதில் இல்லை. கதவைத் திறக்கிற கடமை சுதாஜினிக்குத்தான் இருந்தது. திறந்தாள்.

எல்லாரும் போன பிறகு அம்மா அவளைத் திட்டினார். கண்ணீர், கட்டிப்பிடித்தல் எதுவும் இல்லை. உள்ளி உரித்துக்கொண்டே திட்டு.

"ஆரைக் கேட்டுச் சொன்னாய்? ரெண்டு வருசம் ஒருத்தருக்கும் தெரியாமக் கொண்டுபோனன். நான் நல்லாத்தான் நடிச்சன், நீதான் கெடுத்தாய்."

"நீ அந்தச் சில்விக்கு முன்னால டீச்சர் எண்டாய்."

"ஓம். உனக்குக் கேக்கட்டும் எண்டுதான்."

மன்னித்துக்கொள் என்ற சொல் சுதாஜினியின் வாய்வரை வந்தது. அதற்குத் தெலுங்கில் அவர்கள் வீட்டில் ஒரு சொல்லும் புழங்கியதில்லை. தமிழில் சொன்னால் பெற்றோரிடம் சொல்வதுபோல் இருக்கும். உள்ளியை வாங்கி உரித்தாள்.

அடுத்த கிழமை வித்தியா, வேலைக்குக் கிட்டவாக ஒரு இடம் கிடைத்துவிட்டதாகச் சொல்லி அனுஜனை நிறுத்தினாள். அவள் வேலைக்கு இதைவிடக் கிட்டவாக ஒரு கார்டெரி இருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். விடைபெறும்போது, "அந்தச் சாறியள்... நான் வேற நினைப்பில குடுக்கேல்ல டீச்சர்" என்றாள். முகம் சிவந்திருந்தது. இன்னொரு பிள்ளையும் வராமல் நின்றது. பெற்றார் குரூப்பில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. பிறந்தநாள் வாழ்த்துகூட இல்லை. அருமைராசா மகளை நிறுத்தவில்லை, ஆனால் இப்போது சப்பாத்தைத் தானே உள்ளே வைக்கிறார், சிரிக்காமல் பேசுகிறார். திரேசம்மாவைக் கண்டால் கண்ணைச் சான்றிதழில் வைத்துக்கொள்கிறார். அந்த உயரம் அதற்கும் வசதியாக இருக்கிறது.

மார்ச்சில் பியர்ஃபொன்ட்ஸ் பக்கமிருந்து ஒரு இளம் தமிழ்த் தம்பதி இடம் பார்க்க வந்தார்கள். கைக்குழந்தை. வேலை இந்தப் பக்கம் மாறியிருந்தது. சுதாஜினி எல்லாவற்றையும் காட்டினாள். குசினி வாசலில் திரேசம்மா, கையை மடித்துவிட்டு, பச்சை தெரிய, மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"இவ ஆர்?" என்று அந்தப் பெண் சிநேகமாகக் கேட்டாள்.

சுதாஜினி மூச்சை உள்ளே இழுத்தாள். "என்ர அம்மா," என்றாள்.

அவர்கள் போன பிறகு திரேசம்மா மாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சொன்னது சரி," என்றார். "ஆனா சொல்ல முதல் மூச்சு எடுத்தாய்."

சுதாஜினி மறுக்கவில்லை. பிள்ளைகள் நித்திரையால் எழும்புகிற நேரமாகிவிட்டிருந்தது. அவள் போய்த் திரைச்சீலையை விலக்கினாள்.